அக்கரையில் பழசு

நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரியில்தான் திரும்பும்.
அதுவரை பாட்ஸ்ஃபியூருக்கு வெளிச்சம்
மீன் ஆலையின் விளக்குகளும்
லேபிள் மேஜை மடிக்கணினியில் எழும்பும்
இந்தச் சின்னப் பெட்டியும்தான்.

பிரிண்டர் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும்.
இந்த சர்வரை நம்புகிறீர்களா?

நம்பினேன்.
நேற்றும் நம்பினேன்.
செவ்வாயன்று மட்டும் நான்கு முறை.

அதிகாலை நாலரைக்கு
ஜிவிலே கூப்பிடுவாள்.
லித்துவேனியக்காரி. என் நார்வேஜியனைவிடச்
சுருக்கமானது அவளுடையது.
"தூர்கிரிம், பெட்டி."
அவ்வளவுதான். வைத்துவிடுவாள்.
பின்னணியில் கன்வேயர் நின்றுபோயிருப்பது
கேட்கும். நின்றுபோன கன்வேயருக்கு
ஒரு சத்தம் உண்டு.

லேபிள் இல்லாத காட் மீன்
வெறும் செத்த மீன்.
பிடித்த படகு, கடல், நாள், எடை
நாலும் ஒட்டினால்தான் அது போர்ச்சுகல் போகும்.

செய்யாதது இல்லை.
ஸ்பூலரை நிறுத்தி, வரிசையில் செத்துக்கிடந்த
நாற்பது அச்சு வேலைகளைக் கூட்டித் தள்ளினேன்.
டிரைவரை வேரோடு பிடுங்கி மறுபடி நட்டேன்.
ரெஜிஸ்ட்ரிக்குள் கை விட்டேன்,
வாளை மீனின் வாய்க்குள் விடுவதுபோல.
ஓஸ்லோவில் யாரோ ஒருவர்
பிரிண்டரை மாற்றிப் பாருங்கள் என்றார்.
மாற்றினோம்.
புதுப் பிரிண்டர். அதே பெட்டி.

இரவெல்லாம் கணினி டிரைவரை இறக்கும்,
காலையில் அது போதாது என்னும்.
குளித்துவிட்டு வந்து
சேற்றில் உட்காரும் எருமைபோல் என்று திட்டினேன்.
எருமைமேல் தப்பில்லை,
கணினிமேலும் இல்லையென்று
அப்போது தெரியாது.

வியாழக்கிழமை ஜிவிலே
ஒரு கட்டு பாழான லேபிள்களை நீட்டினாள்.
பின்பக்கம் முழுக்கப் பென்சில்.

04.10, பழைய கூடம், பெட்டி.
05.25, பழைய கூடம், இல்லை.
06.40, துறைமுகம் தாண்டிப் புதுக் கூடம், பெட்டி.
07.30, புதுக் கூடம், இல்லை.
11.15, திரும்பி வந்தேன், பெட்டி.

பதினாறு நாள்.
ஒரு வரிகூட விடவில்லை.
"ஏன் முன்னாடியே காட்டவில்லை?"
"நீ பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய்."

பழைய கூடத்தில் ஒரு சர்வர், புதுக் கூடத்தில் ஒன்று.
எனக்கு முன்னிருந்தவன் ஒன்றுக்கு டோர்ஸ்க் என்றும்
மற்றதற்கு ஹீசே என்றும்
மீன் பெயர் வைத்துவிட்டு ட்ரொன்ஹெய்ம் போய்விட்டான்.
இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் திறந்தேன்.
டிரைவர் பெயர் ஒன்றே. எழுத்துக்கு எழுத்து ஒன்றே.
டோர்ஸ்கில் 6.1.
ஹீசேயில் 6.4.

வண்டியில் கணினியை வைத்துத் தள்ளிக்கொண்டு
அவள் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம்
அக்கரை சொல்லும், நீ பழசு, மாறு.
மாறிவிட்டுத் திரும்பினால்
இக்கரை சொல்லும், இது நான் கொடுத்ததில்லை, மாறு.
அது மாறிக்கொண்டே இருந்தது.
கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டி
ஒரு பொய்கூடச் சொல்லாமல்.

டோர்ஸ்க்கும் ஹீசேயும்
ஒருவரையொருவர் கேட்டதே இல்லை.
ஒரே கம்பியில் ஆறு வருடம் இருந்திருக்கிறார்கள்.

வேலை பதினோரு நிமிடம்.
டோர்ஸ்கிலும் 6.4 ஏற்றி
ஸ்பூலரைத் திரும்ப ஓடவிட்டேன்.
ஜிவிலே பாலம் தாண்டிப் போனாள், வந்தாள், போனாள்.
ரப்பர் காலணியில் பனி.
ஒவ்வொரு முறையும் லேபிள் வந்தது,
சூடாக, கொஞ்சம் சுருண்டு.

வெள்ளி அதிகாலை நாலரை.
போன் அடிக்கவில்லை.
எழுந்து உட்கார்ந்து
அது அடிக்காததைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பிறகு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு
ஆலைக்கு நடந்தேன்,
காரணம் ஒன்றும் இல்லாமல்.

லேபிள் மேஜைமேல் பென்சில் இருந்தது.
புது லேபிளின் பின்பக்கம் இரண்டு வரி:

04.10, பழைய கூடம், இல்லை.
04.30, தூர்கிரிம்.